நடுக்கடலில் நிற்கும் எஞ்சின்

2019 மார்ச் 23, பிற்பகல். நார்வேயின் மேற்குக் கரையில் ஹுஸ்டாட்விகா என்ற கடற்பகுதி. நீருக்கடியில் பாறைகள் மண்டிக் கிடக்கும் இடம். ட்ராம்சோவிலிருந்து ஸ்டாவங்கர் நோக்கி வந்துகொண்டிருந்த ‘வைக்கிங் ஸ்கை’ என்ற சுற்றுலாக் கப்பலில் 1,373 பேர் இருந்தார்கள். புயலில் கப்பல் உருண்டுகொண்டிருந்தபோது அதன் டீசல் எஞ்சின்கள் அடுத்தடுத்துத் தாமாகவே நின்றன. மின்சாரம் போயிற்று, உந்துவிசை போயிற்று. கப்பல் பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. போட்ட நங்கூரங்கள் பிடிக்கவில்லை. எஞ்சின்களை மறுபடி ஓடவைப்பதற்குள், தரைதட்ட ஒரு கப்பல் நீளத்துக்கும் குறைவான தூரமே மிச்சமிருந்தது. 479 பேரை ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக் கரை சேர்த்தன. மறுநாள் கப்பல் மோல்டே துறைமுகத்தை அடைந்தது. யாரும் உயிரிழக்கவில்லை.

விசாரணையில் வெளிவந்த காரணம் எளிமையானது. எஞ்சினுக்கு அடியில் உள்ள தொட்டிகளில் மசகெண்ணெய் குறைவாக இருந்தது. உற்பத்தியாளர் சொன்ன அளவு 68 முதல் 75 விழுக்காடு. இருந்ததோ 28 முதல் 40. கடல் அமைதியாக இருந்தவரை அந்த எண்ணெயே போதுமானதாக இருந்தது. கப்பல் உருளத் தொடங்கியதும் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கியது. பம்பின் வாயில் எண்ணெய்க்குப் பதில் காற்று ஏறியது. அழுத்தம் விழுந்தது. அழுத்தம் விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும் என்று அமைக்கப்பட்டிருந்த பாதுகாப்பு, தன் வேலையைச் செய்தது.

அன்று காலை 5 மணிக்கும் 9:04 மணிக்கும் இடையே எண்ணெய் அளவைப் பற்றி 18 முறை அலாரம் அடித்திருந்தது. ஒவ்வொரு முறையும் ஊழியர்கள் அதை ஏற்றுக்கொண்டு பொத்தானை அழுத்த, சில நொடிகளில் அலாரம் நீங்கிவிட்டது. எண்ணெய் திரும்பிப் புரண்டு வந்ததும் அளவு சரியாகிவிட்டதாகக் கருவி காட்டியிருக்கும். அடுத்த உருளலில் மறுபடி குறைந்திருக்கும். வந்து வந்து போகும் அலாரத்தைக் கருவிக் கோளாறு என்று ஒதுக்குவது எல்லாக் கடலிலும் நடக்கிறது. விட்டுவிட்டு அடிப்பதே ஒரு தகவல். ஏதோ ஒன்று விளிம்பில் நிற்கிறது என்று அதற்குப் பொருள்.

சிறு படகுக்கும் இதே கணக்குதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரையில் கட்டுமரங்கள் இருந்த இடத்தைப் பெருமளவில் ஃபைபர் படகுகள் பிடித்தன. அவற்றில் பலவற்றின் பின்முனையில் தொங்குவது அவுட்போர்டு எஞ்சின். அந்த எஞ்சினில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கலாம், இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அலாரம் படகில் இருக்கும் மனிதருக்காக அடிக்கிறது. நிறுத்தம் எஞ்சின் தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்வதற்காக நடக்கிறது. சாலையில் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுவது அரிது. வண்டி நின்றால் ஓரமாகத் தள்ளிவிடலாம். கடலில் அப்படி இல்லை. எஞ்சின் நின்ற படகு தன் போக்கில் திரும்பி, அலைக்குப் பக்கவாட்டைக் காட்டும். கரைமடிப்பு அலைகளுக்கு நடுவே இது நடந்தால் கவிழ்வதற்கு ஓர் அலை போதும். எஞ்சின் பிழைத்து, ஆட்கள் போய்விடலாம்.

இதை உணர்ந்துதான் பெரிய அவுட்போர்டுகளை வடிவமைத்தவர்கள் நடுவழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். சூடு மிகுந்தாலோ எண்ணெய் அழுத்தம் குறைந்தாலோ அந்த எஞ்சின்கள் உடனே நிற்பதில்லை. அலாரத்தை அடித்துவிட்டு, வேகத்தை நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றாகக் குறைத்துக்கொள்கின்றன. சில சிலிண்டர்களுக்குத் தீப்பொறியை வெட்டிவிட்டு இதைச் செய்கின்றன. எஞ்சின் தடுமாறும், திக்கும். ஆனால் படகு நகரும், திசை திருப்பலாம். இதைத் தெரியாதவர்கள் எஞ்சினில் திடீரென்று பலம் போய்விட்டது என்று முடிவுகட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற ஆரம்பிக்கிறார்கள். பிளக்கில் குற்றமில்லை. எஞ்சின் வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிறது. த்ராட்டிலை முறுக்கி அதை மீற முயல்வதைவிடக் கெடுதல் வேறில்லை.

அலாரங்களில் மிக அடிக்கடி வருவது சூட்டைப் பற்றியது. அவுட்போர்டில் ரேடியேட்டர் கிடையாது. கடல்நீரே குளிர்விக்கும் நீர். கீழ்ப்பகுதியில் உள்ள துளைகள் வழியாக நீர் உள்ளே ஏறுகிறது. இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம் அதை மேலே தள்ளுகிறது. சிலிண்டர்களைச் சுற்றி ஓடிய நீர், புகையோடு சேர்ந்து கடலுக்கே திரும்புகிறது. அதில் சிறு பங்கு மட்டும் எஞ்சினின் பக்கவாட்டில் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். கைப்பிடி வைத்த பழைய, சிறிய எஞ்சின்கள் பலவற்றில் அலாரமே இல்லை. அந்தத் தாரைதான் அலாரம். ஓட்டுபவர் திரும்பத் திரும்ப அதைக் கண்ணால் தடவிக்கொண்டே இருக்க வேண்டும்.

அலாரம் அடித்து, தாரையும் நின்றிருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நீர் ஏறும் துளைகளை. பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். பாக் நீரிணை போலப் புல்வெளிகள் நிறைந்த ஆழமில்லாக் கடலில் அறுந்து மிதக்கும் கடற்புல் அடைத்திருக்கும். எஞ்சினை நிறுத்தி, மேலே தூக்கி, துடைத்துவிட்டால் தீர்ந்துவிடும். சில சமயம் உள்ளே நீர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். தாரை வரும் சிறு துளையில் மட்டும் மணல் அடைத்திருக்கும். அதைத் தடித்த தூண்டில் நரம்பால் குத்திவிடலாம்.

துளைகள் சுத்தமாக இருந்தும் நீர் வரவில்லையென்றால் இம்பெல்லர். அதன் ரப்பர் இதழ்கள் ஒருபக்கம் நெருக்கமான கூட்டுக்குள் வளைந்து வளைந்து சுழல்பவை. அவற்றுக்கு உராய்வைத் தணிப்பதும் அதே நீர்தான். ஆகவே கரையில், நீரில்லாமல், ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பது இம்பெல்லருக்கு எமன். கரைமணலிலிருந்து படகை இறக்கும் ஊர்களில் மணல் கலந்த நீரே தினமும் இந்த ரப்பரைத் தேய்க்கிறது. துறைமுகத்தில் கட்டிவைக்கும் படகைவிட அங்கே இம்பெல்லரை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றும்போது பழையதில் இதழ் ஒன்று உடைந்து காணாமல் போயிருந்தால், அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடக் கூடாது. அது எங்கும் போயிருக்காது. மேலே செல்லும் நீர்ப்பாதையில் எங்கோ சிக்கி, புது இம்பெல்லர் போட்ட பிறகும் அலாரத்தை அடிக்கவைக்கும்.

தாரை நன்றாக வருகிறது, ஆனாலும் சூடு என்றால் மெக்கானிக்குகளே சற்றுத் திகைப்பார்கள். பல எஞ்சின்களில் அந்தத் தாரை, தெர்மோஸ்டாட் என்ற வெப்பத் தடுப்பிதழைத் தாண்டுவதற்கு முன்பே பிரிந்து வருகிறது. பம்ப் வேலை செய்கிறது என்று மட்டுமே அது சாட்சி சொல்லும். தெர்மோஸ்டாட் உப்பில் இறுகி மூடியே கிடந்தால், பக்கத்தில் நீர் பீய்ச்சிக்கொண்டிருக்க, தலைப்பகுதி கொதிக்கும். கடலுக்கென்று செய்த எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் காரில் இருப்பதைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே, சுமார் 50 அல்லது 60 டிகிரியில், திறந்துகொள்வதற்கும் காரணம் இருக்கிறது. கடல்நீர் அதிகம் சூடானால் அதில் கரைந்திருக்கும் சுண்ணமும் உப்பும் பாதைச் சுவரில் படியத் தொடங்கும். படிவு பாதையைக் குறுக்கும். குறுகினால் சூடு ஏறும். சூடு மேலும் படியவைக்கும். கரை வந்ததும் நல்ல தண்ணீரால் எஞ்சினை அலசிவிடும் பழக்கம் இந்தச் சங்கிலியைத்தான் அறுக்கிறது. குடிக்கவே தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் குப்பங்களில் அலசலுக்கு நல்ல தண்ணீர் கேட்பது பெரிய விஷயம்தான். ஆனாலும் எஞ்சினின் ஆயுளை நீட்டுவதில் அதற்கு இணையான மலிவு வைத்தியம் இல்லை.

எண்ணெய் அலாரத்தில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் அது அடித்தால் உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடமென்றால் நிறுத்தி, எஞ்சினை நேராக நிற்கவைத்து அளவுகோலைப் பாருங்கள். சாய்ந்த எஞ்சினில் அளவுகோல் பொய் சொல்லும். அளவு சரியாக இருந்தும் அலாரம் ஓயவில்லையென்றால் வேறு துணை இருக்கும்போது அந்த எஞ்சினை ஓட்ட வேண்டாம்.

அலாரமே பொய்யாக இருக்க முடியாதா? முடியும். உப்புக் காற்றில் கம்பிகள் படும் பாடு அப்படி. எளிய எஞ்சின்கள் பலவற்றில் சூட்டை உணரும் சுவிட்ச், சூடு ஏறியதும் ஒரு கம்பியை எஞ்சின் உடம்போடு, அதாவது எர்த்தோடு, இணைக்கிறது, ஒலிப்பான் கத்துகிறது. அந்தக் கம்பியைச் சுவிட்சிலிருந்து கழற்றிப் பாருங்கள். கழற்றிய பிறகும் கத்தினால், கம்பி வழியில் எங்கோ தோல் உரிந்து உலோகத்தைத் தொடுகிறது. கழற்றியதும் நின்றால், சுவிட்ச் கெட்டிருக்கலாம், எஞ்சின் நிஜமாகவே சூடாகவும் இருக்கலாம். தலைப்பகுதியில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள், சீறினால் சூடு நிஜம். இதே கம்பியின் முனையை எர்த்தில் தொட்டால் ஒலிப்பான் கத்த வேண்டும். கத்தவில்லையென்றால் அலாரமே செத்துக்கிடக்கிறது, அதுதான் அதிக ஆபத்து. பொய்யாக அடிக்கும் அலாரத்தால் ஒரு நாள் மீன்பாடு போகும். அடிக்க மறந்த அலாரத்தால் எஞ்சினே போகும்.

சரி, அலாரம் எதுவுமில்லாமல் எஞ்சின் நின்றால்? அப்போது ஆதாரம் நிற்கும் விதத்தில் இருக்கிறது. சுவிட்சைத் தட்டியதுபோல் சட்டென்று நின்றதா, திக்கித் திணறி, கொஞ்சம் எழும்பி, மறுபடி விழுந்து நின்றதா? முதலாவது பெரும்பாலும் மின்சாரம். இரண்டாவது பெரும்பாலும் எரிபொருள்.

எரிபொருள் என்றால் கையில் ஓர் அருமையான சோதனைக் கருவி இருக்கிறது: டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் குமிழ். எஞ்சின் திக்கும் அந்த நேரத்தில் அதைத் தொட்டுப் பாருங்கள். குமிழ் உள்ளிழுத்துச் சப்பையாகிக் கிடந்தால், அடைப்பு டேங்க் பக்கம். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்தாலே இப்படி ஆகும்: எரிபொருள் குறையக் குறைய உள்ளே காற்று நுழைய வழியில்லாமல் வெற்றிடம் உண்டாகி, கொஞ்ச நேரம் நன்றாக ஓடிய எஞ்சின் பட்டினியில் நிற்கும். மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தம் கேட்டால் நோய் அதுவேதான். குமிழ் எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று கசிகிறது. குழாய் இணைப்புகளைப் பாருங்கள். விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் எஞ்சின் ஓடுகிறதென்றால், எஞ்சினில் உள்ள எரிபொருள் பம்ப் களைத்துவிட்டது. அப்படி அமுக்கியபடியே கரை வந்து சேரலாம்.

‘காற்று அடிக்கும் நாளில்தான் எஞ்சின் நிற்கும்’ என்று கடற்கரையில் சொல்வதை விதி என்று தள்ளிவிட வேண்டியதில்லை. நல்ல கடலில் டேங்கின் அடியில் நீரும் சேறும் அசையாமல் படிந்துகிடக்கின்றன. படகு குலுங்கினால் அவை கலங்கி மேலே வந்து, குழாயில் ஏறி, வடிகட்டியை அடைக்கின்றன. விசைப்படகுகளின் டீசல் டேங்கில் இன்னும் மோசம். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான படலம் கட்டும். அது கலங்கினால் புது வடிகட்டியும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. எனவே அலாரம் இல்லாமல் அது நின்றால் எரிபொருளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வடிகட்டியை மாற்றிய பின் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாவிட்டால் அது கிளம்பாது. இந்த வேலையைக் கரையில், அமைதியாக இருக்கும்போது ஒருமுறை செய்து பழகியவரால்தான் ஆடும் படகில், டீசல் நாற்றத்தில், குனிந்து செய்ய முடியும்.

மின்சார வழி நிறுத்தங்களில் முதல் இடம் ஓட்டுபவரின் உடலோடு கட்டும் நிறுத்தக் கயிற்றுக்கு. ஆள் கடலில் விழுந்தால் கொக்கி கழன்று எஞ்சின் நின்றுவிடும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகள் வேகமெடுத்து ஓடும்போது இதை அணிந்தே ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரலிலிருந்து விதி. கொக்கி லேசாக நழுவியிருந்தாலோ, சுவிட்சுக்குள் உப்பு ஏறியிருந்தாலோ, காரணமே இல்லாமல் எஞ்சின் அணைவதுபோல் தோன்றும். அடுத்தது பேட்டரி முனைகள், பிறகு ஃபியூஸ், பிறகு தளர்ந்த இணைப்புகள். தளர்ந்த கம்பி சின்ன விஷயமல்ல. 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் ‘டாலி’ என்ற 984 அடி நீளச் சரக்குக் கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தில் மோதியது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். பெயர்ச்சீட்டு தவறாகப் பொருத்தப்பட்டதால் இணைப்பில் முழுதாக நுழையாமல் நின்ற ஒற்றைக் கம்பியில்தான் அந்த மின்தடை தொடங்கியது என்று அமெரிக்க விசாரணை வாரியம் கண்டது.

காரணம் எதுவானாலும், எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன் ஆழம் அனுமதித்தால் நங்கூரத்தைப் போடுங்கள்; ஆழம் மிகுந்த இடமென்றால் முகப்பிலிருந்து வலையையோ கயிற்றில் கட்டிய வாளியையோ இறக்கி, படகின் மூக்கை அலைக்கு நேராக நிறுத்துங்கள். சூடேறி நின்ற எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள்; வார்ப்பு விரிசல் விடும். தானே ஆறட்டும். மறுபடி கிளம்பிவிட்டால், கரைக்கு வந்து மெக்கானிக்கிடம் ‘நின்னு போச்சு’ என்று மட்டும் சொல்லாமல், முழு வேகத்தில் நின்றதா மெதுவான ஓட்டத்தில் நின்றதா, அலாரம் முன்னால் அடித்ததா, விட்டுவிட்டு அடித்ததா, தாரை வந்ததா, குமிழ் சப்பையாக இருந்ததா, எவ்வளவு நேரம் ஆறிய பிறகு கிளம்பியது என்று சொல்லுங்கள். கரையில், குளிர்ந்த எஞ்சினில் அந்தக் கோளாறு அவர் கண்ணுக்குத் தெரியாது.