பழைய காரும் பழகிய கைகளும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய நம் ஊர்களின் பழைய தெருக்களில் நடந்து செல்வோர், சில வீடுகளின் பக்கச் சந்தில் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். கிழிந்த தார்ப்பாய் ஒன்று, அதன்கீழ் காற்றிழந்து மண்ணில் அமிழ்ந்த நான்கு சக்கரங்கள், துருவேறிய பம்பர், மேலே வேப்பஞ்சருகு. "அப்பா ஓட்டிய வண்டி" என்று வீட்டார் சொல்வர். விற்க மனமில்லை, ஓட்ட வழியில்லை. ஆண்டுகள் பல இவ்வாறே கழிகின்றன. இறுதியில் ஒரு நாள் காயலான் கடைக்காரர் வருகிறார். இரும்பின் எடைக்கு விலை பேசி எடுத்துச் செல்கிறார்.

இப்படி எடைக்குப் போகவிருந்த ஒரு காரை வாங்கி, மீண்டும் சாலையில் ஓடவைத்த குடும்பம் ஒன்றை நான் அறிவேன். பழைய கார் என்றாலே அரசர்களும் பெருஞ்செல்வர்களும் வைத்திருக்கும் விளையாட்டுப் பொருள் என எண்ணுவோர் பலர். அது முழு உண்மையன்று. ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளியின் கையிலும் அக்கலை செழிக்கக்கூடும். அக்குடும்பத்தின் அனுபவத்தைச் சொல்லுமுன், அவர்கள் வாங்கிய காரைப்பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம்.

வண்டலூர் தந்த வண்டி

'விண்டேஜ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'வின்டேமியா' என்றால் திராட்சை அறுவடை. குறிப்பிட்ட ஓர் ஆண்டின் அறுவடையிலிருந்து கிடைத்த இரசத்தைக் குறித்த அச்சொல், நாளடைவில் காலத்தால் மதிப்புயர்ந்த பிற பொருள்களையும் குறிக்கலாயிற்று. பிரிட்டனில் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களையே இப்பெயரால் அழைப்பர். நம் நாட்டிலோ, 2021ஆம் ஆண்டு வெளியான மத்திய அரசின் விதிகளின்படி, முதற்பதிவு நாளிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் எதுவுமின்றி மூலவடிவில் நிற்கும் இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் விண்டேஜ் வண்டிகளாம்.

அந்த அளவுகோலின்படி பார்த்தால், நம் தந்தையர் காலத்தில் சென்னையில் உருவான கார்களும் இன்று அப்பட்டியலில் சேர்ந்துவிட்டன. சென்னைக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு நெடியது. குதிரை வண்டிகள் கட்டுவதற்காக 1840இல் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனத்தில், சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903ஆம் ஆண்டிலேயே நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். விடுதலைக்குப் பின், வெளிநாட்டு உதிரிகளை இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, உதிரிகளையே இங்கு செய்யவேண்டும் என்னும் கொள்கை 1953இல் உறுதியாயிற்று. அதன்பின் கார் செய்வோருள் முதன்மையாக மூவர் விளங்கினர்: கல்கத்தாவுக்கு அருகில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு.

1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் தொழிற்சாலை வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் அமைந்தது. முதலில் வேன்கார்டு, பின்னர் ஸ்டாண்டர்டு டென், அதன்பின் 1961இல் ஹெரால்டு என அங்கிருந்து கார்கள் வந்தன. ஹெரால்டின் வடிவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1959இல் பிரிட்டனில் 'டிரையம்ப்' என்னும் பெயரோடு அது வெளியாயிற்று. அங்கே அந்த செடானுக்கு இரண்டு கதவுகளே. நான்கு கதவு ஹெரால்டு 1960களின் பிற்பகுதியில் நம் நாட்டிலேயே உருவானது! 1970களில் அதன் வழித்தோன்றலாக கெஸல் வந்தது. 1980களின் இறுதியில் ஸ்டாண்டர்டு கார்களின் உற்பத்தியே நின்றுபோயிற்று.

முதன்முதலாகப் பழைய கார் ஒன்றைச் சீரமைக்க விரும்புவோர்க்கு ஹெரால்டு ஏற்றது என்பர் வல்லுநர். அதற்குக் காரணம் ஒரு பழைய நெருக்கடி. அக்காலத்தில் சிறிய கார்கள் பலவற்றில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டன. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்கூடுகளைச் செய்து தந்த ஆலையைப் பிரிட்டனில் ஒரு போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழுக்கூட்டைச் செய்து தருவார் இல்லாமற்போகவே, தனி சேஸிஸ் ஒன்றைச் செய்து, அதன்மேல் சிறு சிறு பகுதிகளாகத் தகடுகளை போல்ட்டுகளால் பூட்டும் முறையை அவர்கள் மேற்கொண்டனர். அன்றைய இடுக்கண் இன்றைய சீரமைப்பாளனுக்கு நன்மையாயிற்று. போல்ட்டுகளைக் கழற்றினால் உடலைப் பகுதி பகுதியாகப் பிரிக்கலாம். இரு மட்கார்டுகளோடும் பானெட் முழுவதும் முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். நின்றபடியே எஞ்சினில் வேலை செய்யலாம். இருபத்தைந்து அடி வட்டத்திற்குள் வண்டி முழுவதும் திரும்பிவிடும். நம் குறுகிய தெருக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கார் வண்டலூரில் பிறந்தது. அதைப் பழுதுபார்க்கும் கைத்திறனோ நம் மேற்குப் புறநகரில் வளர்ந்தது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றியது. 1960களில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா என மோட்டார் உறுப்புகள் செய்யும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் விஜயந்தா டாங்கிகள் உருவாயின. பிட்டர், டர்னர், வெல்டர் என ஒரு தலைமுறையே இங்கு இரும்போடு பேசப் பழகியது.

வாங்கிய கதை

நான் அறிந்த பெரியவர் அத்தலைமுறையைச் சேர்ந்தவர்; ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பூவிருந்தவல்லிப் பக்கம் ஒரு வீட்டில் நான்கு கதவு ஹெரால்டு ஒன்று பதினெட்டு ஆண்டுகளாக நிற்பதாகக் கேள்வியுற்று, பாலிடெக்னிக்கில் படிக்கும் தம் பேரனோடு பார்க்கச் சென்றார். வண்டிக்கு உரியவர் இறந்துவிட்டார். அவர் மனைவியார் மட்டும் இருந்தார்.

பெயிண்டையோ இருக்கையையோ பெரியவர் முதலில் பார்க்கவில்லை. தரையில் சாக்கை விரித்துப் படுத்து, சிறு சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்ற ஓசை வந்த இடம் நல்ல இரும்பு. மந்தமான ஓசை வந்த இடம் உள்ளே துரு. பின்பு பேரனைக் கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி, எஞ்சினின் முன்புறத்துக் கப்பி நகர்கிறதா என நோக்கினார். கிராங்குத் தண்டை முன்பின் நகராமல் தாங்கும் அரைவட்ட வாஷர்கள் தேய்ந்திருந்தால் அக்கப்பி கண்ணுக்குத் தெரியும்படி அசையும். அந்த அசைவு பெருஞ்செலவுக்கு முன்னறிவிப்பு. நல்லவேளையாக அது அசையவில்லை. கடைசியாகப் பதிவுப் புத்தகத்தை வாங்கி, அதிலுள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிட்டார். இரும்பு கெட்டால் மாற்றலாம். காகிதம் கெட்டால் மாற்றுவது அரிதன்றோ!

விலை ஒரு புதிய ஸ்கூட்டரின் விலைக்கும் குறைவாகவே படிந்தது. பணத்தை வாங்கிக்கொண்ட அந்த அம்மையார் ஒன்றே ஒன்று கேட்டார்: "உடைச்சு வித்துட மாட்டீங்களே ஐயா?"

"மாட்டேன் அம்மா. ஓட்டிக்கிட்டு வந்து உங்களுக்குக் காட்டுவேன்" என்றார் பெரியவர்.

மூன்று ஆண்டு உழைப்பு

அந்த வாக்கைக் காப்பாற்ற ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. கழற்றுவதற்கு முன் ஒவ்வோர் இடத்தையும் படமெடுத்தான் பேரன். கழற்றிய போல்ட்டுகளைப் பழைய பால்மாவு டின்களில் இட்டு, எவ்விடத்தது என எழுதி ஒட்டினான். "பிரிக்கிறது யாருக்கும் வரும், திரும்பப் பூட்டுறவன்தான் வேலைக்காரன்" என்பது தாத்தாவின் பாடம். சேஸிஸில் அரித்த இடங்களை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தனர். பிறகு பிரேக், அதன்பின் எஞ்சின், அடுத்து வயரிங், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தது கடைசியில்தான். முதன்முறை இவ்வேலையில் இறங்குவோர் பலர் பெயிண்டில் தொடங்கிப் பணத்தைக் கரைக்கின்றனர். ஓடத் தெரியுமுன் நிற்கத் தெரியவேண்டும் என்பது பெரியவரின் முறை. கிடைக்காத உதிரிகளைத் தேடிச் சனிக்கிழமைதோறும் இருவரும் புதுப்பேட்டைக்குச் சென்றனர். அங்கும் கிடைக்காதவற்றை அம்பத்தூர் லேத் பட்டறைகளில் கடைந்து வாங்கினர்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, அடியில் வெண்கல மரையுறை ஒன்றுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அதற்குள் சுழலும். இதை 'டிரன்னியன்' என்பர். இதற்குக் கெட்டியான கியர் ஆயிலே இடவேண்டும். கிரீஸ் அடித்தால், அது நாளடைவில் இறுகி மரையின் உள்ளே செல்லாது, ஈரம் தங்கும், துரு பிடிக்கும், தண்டு ஒரு நாள் முறிந்து, ஓடும் வண்டியின் முன்சக்கரம் மடங்கிவிடும். அந்த வண்டியிலும் முன்பு யாரோ கிரீஸே அடித்திருந்தனர். மரை பாதி தேய்ந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது பெரியவரின் கண்ணன்று. அவருக்கு அப்போது இரு கண்களிலும் புரை படர்ந்திருந்தது. விரல் நுனியால் மரையைத் தடவிப் பார்த்தே சொன்னார். பிறகு பேரனின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, "இப்ப தெரியுதா?" என்று கேட்டார்.

இடையில் பணம் தீர்ந்தது. "கண்ணு ஆபரேஷனுக்கு வைச்சிருக்கிற பணத்தையும் இதுல போட்டுடாதீங்கப்பா" என்று மகள் கலங்கினார். அவர் கலக்கத்தில் நியாயம் இருந்தது. எஞ்சினைத் தூக்கியெறிந்துவிட்டு, வேறொரு வேனின் எஞ்சினைப் பொருத்தினால் செலவும் நேரமும் குறையும் என ஒரு மெக்கானிக் யோசனை கூறினார். பெரியவர் இரண்டையும் எண்ணிப் பார்த்தார். ஓராண்டு வேலையை நிறுத்தினார். முதலில் கண்ணுக்கு மருத்துவம் செய்துகொண்டார். வேன் எஞ்சினை மட்டும் ஏற்கவில்லை. "அது அந்த அம்மா கொடுத்த வண்டியா இருக்காது, சாமி" என்று என்னிடம் சொன்னார். பழையதைப் புதிதாக்குவது வேறு. பழையதை அது இருந்தபடியே வாழவைப்பது வேறு. இவ்வேறுபாடே இக்கலையின் உயிர் எனலாம்.

எரிபொருளும் சட்டமும்

இன்றைய சூழலில் கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. இந்தக் கார்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. 2000ஆம் ஆண்டிலிருந்து நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. ஈயம் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்துவந்தது. ஆதலின் எஞ்சினைப் பிரிக்கும்போதே கடினமான வால்வு சீட்டுகளைப் பொருத்திக்கொள்வது நல்லது. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் அரித்துவிடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றாமல் வண்டியை ஓட்டுவது தீ விபத்துக்கு இடம் தரும்.

2021ஆம் ஆண்டு விதிகளின்படி விண்டேஜ் வண்டிக்குப் புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அது பத்தாண்டுகள் செல்லும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பழுதுபார்ப்பு போன்றவற்றிற்கே வெளியே எடுக்கலாம். நம் பெரியவர் வழக்கமான பதிவையே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சோதனைக்குக் காட்டிப் புதுப்பித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிறு மாலை அந்த ஹெரால்டு பூவிருந்தவல்லிக்குச் சென்றது. ஓட்டியவன் பேரன், அருகில் தாத்தா. வாசலுக்கு வந்த அம்மையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு முன்னிடத்துக் கதவைத் தாமே திறந்தார். பெரியவர் இறங்கிப் பின்னிருக்கைக்குச் சென்றார். இரண்டு தெருக்களைச் சுற்றி வந்தனர். "ஹார்ன் சத்தம் அப்படியே இருக்கு" என்பதே அவர் சொன்னது.

அன்பர்களே, பழைய கார்களைக் காண விரும்புவோர்க்குக் கோவையில் 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகமும், சென்னை வடபழனியில் 2023இல் திறக்கப்பட்ட ஏவி.எம். பாரம்பரிய அருங்காட்சியகமும் உள்ளன. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். எனினும் அருங்காட்சியகத்தில் வைக்க முடியாத ஒன்று உண்டு. சுத்தியல் ஓசையில் துருவை அறியும் செவி, விரல் நுனியில் மரையின் தேய்வை உணரும் கை ஆகியவையே அவை. பாடி, அம்பத்தூர், ஆவடி ஆலைகளில் உழைத்து ஓய்ந்த அத்தகைய பெரியோர் நம் தெருக்களிலேயே இருக்கின்றனர். உங்கள் வீட்டுத் தார்ப்பாயின்கீழ் ஒரு வண்டி நின்றால், காயலான் கடைக்காரரை அழைக்குமுன் அவர்களுள் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். வண்டி பிழைக்காமலும் போகலாம். ஆனால் அவர் அதைத் தட்டிப் பார்க்கும்போது உங்கள் மகனோ மகளோ அருகில் நிற்கட்டும்.