உறைக்குள் வரும் ஊதியம்

2005 ஏப்பிரல் 9ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் பொறஸ்ற் கிறிபின், ஸ்ரெபான் பொனர் என்னும் இரு வீரர்கள் மூன்று சுற்றுகள் மோதினர். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் இறுதிப் போட்டி அது. வெல்பவருக்கு, யு.எவ்.சி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அல்ரிமேற் பைற்றிங் சாம்பியன்ஷிப் நிறுவனத்தில் ஒப்பந்தம் என்பதே ஏற்பாடு. கிறிபின் வென்றார் என நடுவர்கள் தீர்ப்பளித்தனர். அதன் பின்னர் நிறுவனத் தலைவர் டேனா வைற், தோற்ற பொனருக்கும் ஒப்பந்தம் உண்டு என அறிவித்தார். அரங்கு ஆர்ப்பரித்தது. நலிந்து கிடந்த கலப்புத் தற்காப்புக் கலை விளையாட்டைத் தூக்கி நிறுத்திய இரவு அதுவே என்று இன்றும் சொல்லப்படுகிறது.

அந்தக் கொடையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பொனருக்கு அதனைக் கேட்கும் உரிமை இருக்கவில்லை. கொடுக்கும் கடமையும் எவருக்கும் இருக்கவில்லை. ஒருவருடைய மனம் இளகியது, ஒருவருடைய வாழ்க்கை மாறியது. இந்த மனம் இளகுதலையே ஒரு சம்பள முறையாக வளர்த்தெடுத்த தொழில் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். புலம்பெயர் நாடுகளில் வளரும் எமது பிள்ளைகளிற் பலர் இப்போட்டிகளைக் கண்விழித்துப் பார்ப்பவர்கள். திரையில் தெரியும் குருதி அவர்களுக்குப் பழக்கமானது. அதற்கான கூலி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பது திரையில் தெரிவதில்லை.

யு.எவ்.சி. வீரர் ஒருவருக்கு ஒப்பந்தத்தில் எழுதப்படும் தொகை பொதுவாக இரண்டு கூறுகளைக் கொண்டது. கூண்டுக்குள் இறங்குவதற்கு ஒரு தொகை. வென்றால் பெரும்பாலும் அதே அளவு இன்னொரு தொகை. அண்மைய ஆண்டுகளில் புதிதாகச் சேரும் வீரருக்கு இது பத்தாயிரமும் பத்தாயிரமும், அல்லது பன்னிரண்டாயிரமும் பன்னிரண்டாயிரமும் டொலர்களாக இருந்து வந்துள்ளது. ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று போட்டிகளே கிடைக்கும். பயிற்றுநர், முகவர், வரி ஆகியவற்றுக்குக் கொடுத்தது போக எஞ்சுவதில்தான் குடும்பம் வாழவேண்டும். இவர்கள் ஊழியர்கள் அல்லர். சுயாதீன ஒப்பந்தக்காரர்கள் என்றே நிறுவனம் வகைப்படுத்துகிறது. ஆகவே ஓய்வூதியம் இல்லை, தொழிற்சங்கமும் இல்லை.

இதற்கு மேல் வருவது வெகுமதி. சிறந்த போட்டிக்கும் சிறந்த திறமைக்கும் அன்றிரவே அறிவிக்கப்படும் வெகுமதிகள் 2014 முதல் பத்தாண்டுக்கும் மேலாகத் தலைக்கு 50,000 டொலர் என்ற அளவில் இருந்தன. ஆனால் விசேட இரவுகளில் அந்த அளவு எவ்வாறு மாறியது என்று பாருங்கள். 2011 ஏப்பிரல் 30ஆம் திகதி ரொறன்ரோவில் நடந்தது 129ஆவது பெருநிகழ்வு. ஏறத்தாழ 55,000 பேர் திரண்டனர். நுழைவுச்சீட்டு வருமானம் மட்டும் 12 மில்லியன் டொலரைத் தாண்டியது. அன்றைய வெகுமதி தலைக்கு 129,000 டொலர். 2024 ஏப்பிரலில் நடந்த 300ஆவது நிகழ்வில் 300,000 டொலர். நிகழ்வின் வரிசை எண்ணே வெகுமதியின் அளவாகியிருக்கிறது! ரொறன்ரோவில் நெற்றி பெரிதாக வீங்கிய நிலையிலும் ஐந்து சுற்றுகள் நின்று பொருதித் தோற்ற ஒன்ராறியோ வீரர் மார்க் ஹொமினிக் அந்த 129,000 டொலரைப் பெற்றவர்களுள் ஒருவர். அவர் பெற்றதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஓர் உழைப்பாளியின் வருமானம், அவர் பங்குபற்றிய நிகழ்வு எத்தனையாவது என்பதைப் பொறுத்து அமைவதைக் கணக்கு என்று சொல்லமுடியுமா?

இவையாவது வெளிச்சத்தில் கொடுக்கப்படுபவை. மூன்றாவது வகை வெளிச்சத்துக்கு வருவதில்லை. போட்டி முடிந்தபின், நிறுவனத்தார் தமக்குத் திருப்தி தந்த வீரருக்குத் தமது விருப்பத்தின்படி ஒரு காசோலை கொடுப்பர். உடைமாற்றும் அறையில் கொடுக்கப்படும் வெகுமதி என்று வீரர்கள் இதனைக் குறிப்பிடுவதுண்டு. எவருக்கு, எவ்வளவு, எதற்காக என்பது அறிவிக்கப்படுவதில்லை. அமெரிக்காவின் சில மாநில விளையாட்டு ஆணைக்குழுக்கள் வீரர்களின் ஒப்பந்தத் தொகைகளைப் பகிரங்கப்படுத்தியபோதும் இப்பணம் அப்பட்டியல்களில் இடம்பெறவில்லை. இந்தக் காசோலையால் வீட்டுக் கடனைத் தீர்த்த வீரர்களும் இருக்கக்கூடும். நிறுவனம் தம்மை நன்கு நடத்தியது என்று மனமாரச் சொல்பவர்கள் உண்டு. அவர்களைப் பொய்யர் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் இந்த மறைவு நிறுவனத்துக்கு அளித்த வசதி பெரிது. ஊதியம் குறைவு என்று எவரேனும் குறைகூறினால், வெளிவந்த பட்டியல் முழுமையானதன்று, காணாத பணம் வேறு உண்டு என்ற விடை ஆயத்தமாக இருந்தது. காணாததை எவரால் மறுக்கமுடியும்? 2012 சனவரியில் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி இவ்விடயத்தை ஆராய்ந்தபோது, அன்றைய உரிமையாளர்களுள் ஒருவரான லொறென்சோ பெர்ற்றிற்றா, தாம் வீரர்களுக்குக் கொடுக்கும் விகிதம் ஏனைய பெரிய விளையாட்டுகளின் விகிதத்துக்கு வெகு தொலைவில் இல்லை என்ற கருத்துப்படப் பேசினார். கூடைப்பந்தாட்டத்திலும் ஐஸ் ஹொக்கியிலும் வீரர்களின் பங்கு வருமானத்தில் ஏறத்தாழ அரைவாசி. 2014 டிசம்பரில் குங் லீ, நேற் குவாறி, ஜோன் பிற்ச் ஆகிய வீரர்கள் ஏகபோகத்துக்கு எதிரான சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கில் நிறுவனத்தின் நிதி ஆவணங்கள் வெளிவந்தபோதுதான் உண்மையான விகிதம் தெரிந்தது. கண்ட பணம், காணாத பணம் எல்லாவற்றையும் சேர்த்த பின்னரும் வீரர்களின் பங்கு ஐந்தில் ஒன்று என்ற அளவிலேயே இருந்தது. 2001இல் 2 மில்லியன் டொலருக்கு வாங்கப்பட்ட நிறுவனம் 2016இல் ஏறத்தாழ 4 பில்லியன் டொலருக்கு விற்கப்பட்டதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

எமது பழைய இலக்கியத்தில் பரிசில் பெற்று வாழ்ந்த புலவர்களை வாசகர் அறிவர். மன்னன் விரும்பினால் யானை, விரும்பாவிட்டால் வெறுங்கை. அந்தப் புலவர்களுள்ளும் பெருஞ்சித்திரனார் ஒருவர் இருந்தார். தம்மை நேரிற் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தவர் அவர். தினையளவே ஆயினும் தகுதி அறிந்து தருவதே வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. வகுப்பறையில் இதனைப் புலவரின் செருக்கு என்று விளக்குவது வழக்கம். அளவுகோல் எது என்று கேட்ட ஓர் உழைப்பாளியின் குரலாகவும் அதனைக் கேட்கலாம் என இப்போது எமக்குத் தோன்றுகிறது.

அளவுகோல் தெரிந்தால் என்ன நேரும் என்பதற்குக் கனடாவின் தேசிய விளையாட்டே சான்று. 1950களில் ஐஸ் ஹொக்கி வீரர்கள் ஒருவர் சம்பளத்தை மற்றவர் அறியார். சங்கம் அமைக்க முயன்ற ரெட் லின்ட்சே 1957இல் டெற்றொயிற் அணியிலிருந்து சிக்காகோவுக்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் அமைந்த வீரர் சங்கமும் நீண்டகாலம் சம்பளங்களை வெளியிடவில்லை. அதற்குத் தலைமை தாங்கிய அலன் ஈகிள்சன் 1998இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார் என்பது தனிக்கதை. 1990 அளவில் சம்பளங்கள் வீரர்களின் சம்மதத்துடன் வெளியிடப்பட்டன. தன்னிலும் குறைவாக ஆடும் ஒருவர் தன்னிலும் கூடுதலாகப் பெறுகிறார் என்பதை ஒவ்வொருவரும் கண்டனர். அதன்பின் பேரம்பேசுதலின் தன்மையே மாறியது. அந்தப் பத்தாண்டில் சம்பளங்கள் வேகமாக உயர்ந்தன.

குத்துச்சண்டைக்கு 2000ஆம் ஆண்டில் முகமது அலியின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. ஒரு போட்டியினால் ஏற்பாட்டாளர் பெறும் வருமானத்தைக் குத்துச்சண்டை வீரருக்குத் தெரியப்படுத்தவேண்டும் என அது பணித்தது. கலப்புத் தற்காப்புக் கலையை அது தொடவில்லை. முன்னாள் கூண்டு வீரரான ஒக்லகோமா பிரதிநிதி மார்க்வெயின் முலின் அதனை விரிவாக்க 2016இல் ஒரு மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை.

பணம் வாயை மூடவும் பயன்படும் என்பதற்கு லெஸ்லி சிமித் என்னும் வீராங்கனையின் அனுபவம் நினைவுக்கு வருகிறது. 2018இல் அவர் வீரர்களிடையே தொழிற்சங்க அட்டைகளில் ஒப்பம் சேகரிக்கத் தொடங்கினார். அவ்வாண்டு ஏப்பிரலில் எதிராளி நிறைகூடி வந்ததால் அவருடைய போட்டி நடைபெறவில்லை. நிறுவனம் பங்குபற்றும் பணம், வெற்றிப் பணம் இரண்டையும் முழுமையாகச் செலுத்தியது. ஒரு குத்துக்கூட வாங்காமல் முழுத்தொகை! அத்துடன் அவருடைய ஒப்பந்தமும் முடிவுற்றது, புதியது தரப்படவில்லை. தொழில் உறவுச் சபையில் அவர் செய்த முறைப்பாடும் பலனளிக்கவில்லை. சம்பளத்துக்குப் பற்றுச்சீட்டின்றி, முதலாளியின் முகம் பார்த்து உறை வாங்கிய எம்மவருக்கு இதனை நாம் விளக்கவேண்டியதில்லை.

வீரர்களின் வழக்கு பத்தாண்டு நீடித்தது. 335 மில்லியன் டொலர் இணக்கத்தை 2024 யூலையில் நீதிபதி றிச்சார்ட் போல்வெயார் நிராகரித்தார். பின்னர் எட்டப்பட்ட 375 மில்லியன் டொலர் இணக்கத்துக்கு 2025 பெப்ரவரியில் இறுதி அனுமதி கிடைத்தது. 2010 டிசம்பருக்கும் 2017 யூன் முடிவுக்கும் இடையில் பொருதியவர்களுக்கே அப்பணம். பின்வந்த பலரின் ஒப்பந்தங்களில், கூட்டாக வழக்காடும் உரிமையைக் கைவிடும் வாசகம் சேர்க்கப்பட்டுள்ளது.

இனி, எமது வாசகர் பலருக்கு நெருக்கமான ஒரு மனிதரைப் பற்றிக் கூறவேண்டும். பிரான்சிஸ் எங்கானு கமரூன் நாட்டில் சிறுவனாக மணற்குழியில் வேலை செய்தவர். 2012இல் ஊரைவிட்டுப் புறப்பட்டு, சகாராவைக் கடந்து, மொரோக்கோவில் பல மாதங்கள் அலைந்தார். கடல் கடந்து ஸ்பெயினை அடைந்தபோது தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். 2013இல் பாரிஸ் வந்து சேர்ந்தார். வாகனத் தரிப்பிடத்தில் உறங்கினார். 2021 மார்ச்சில் யு.எவ்.சி.யின் அதிபார வீரர்களுக்கான உலகப் பட்டத்தை வென்றார். 2022 சனவரியில் அப்பட்டத்தைக் காத்த இரவுக்கு அறிவிக்கப்பட்ட அவருடைய தொகை 600,000 டொலர். மருத்துவக் காப்புறுதி, விளம்பர அனுசரணை பெறும் உரிமை, நிறுவனக் கூட்டங்களில் வீரர்களுக்கு ஒரு பிரதிநிதி ஆகியவற்றைக் கேட்டார். கிடைக்கவில்லை. 2023 சனவரியில் பட்டத்தை விட்டு வெளியேறினார். உழைப்பின் விலையை முன்கூட்டியே அறிய விரும்பிய அந்த மனிதரைப் பலர் அப்போது அறிவிலி என்றனர்.

அவ்வாண்டு மே மாதம் அவர் பி.எவ்.எல். என்ற போட்டி நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். தமக்கெதிராக இறங்குபவர் எவராயினும் அவருக்குக் குறைந்தது 2 மில்லியன் டொலர் கொடுக்கப்படவேண்டும் என்பது அவர் பேசிப் பெற்ற நிபந்தனைகளுள் ஒன்று. 2024 ஒக்ரோபர் 19ஆம் திகதி றியாத் நகரில் பிறேசில் வீரர் றெனான் பெறெய்ரா அவரை எதிர்கொண்டார். முதற் சுற்றிலேயே வீழ்ந்தார்.