கூட்டுத் தொட்டிக்கு ஏற்ற சிச்லிட் மீன்கள்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஒரு மாநில எல்லை செல்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அவ்வட்டத்து எல்லைச் சிற்றூர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் பல உள. அத்தகைய வீடொன்றில் நாமும் குடியிருக்கிறோம். காலை வண்டியில் திருவனந்தபுரம் சென்று மத்திய அரசின் ஏடுகளை மொழிபெயர்ப்பதும், மாலை வண்டியில் திரும்புவதும் நமது அன்றாடக் கடமை. வீடு வந்ததும் நாம் முதலில் நோக்குவது முன்னறையிலுள்ள நான்கடிக் கண்ணாடித் தொட்டியைத்தான். கடிதப் போக்குவரத்தில் களைத்த கண்ணுக்கு அதைவிட இதமான காட்சியை நாம் இதுவரை கண்டிலோம்.

வண்ணமீன் வளர்ப்பு இன்று வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றிலும் புகுந்திருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்க்க இடமில்லை. தோட்டம் போட நிலமில்லை. ஒரு கண்ணாடித் தொட்டிக்கோ சுவரோரம் சிறிது இடம் போதும். ஆயினும், அத்தொட்டியில் எந்த மீனை எந்த மீனோடு சேர்ப்பது என்ற கேள்வியில் பலர் இடறி விழுகின்றனர். நமது அண்டை வீட்டுச் சிறுவனும் அவ்வாறே இடறினான்.

அவன் சேமித்த பணத்தில் ஒரு தொட்டி வாங்கினான். கடைக்காரர் ஆறு ஏஞ்சல் மீன்களையும், பத்து நியான் டெட்ராக்களையும், ஒன்றரை அங்குல நீளமுள்ள ஓர் ஆஸ்கர் குஞ்சையும் ஒரே பையில் கட்டிக் கொடுத்து, “எல்லாம் ஒன்றாக வளரும்” என்று கூறி அனுப்பிவிட்டார். ஒரு மாதம் அமைதியாகச் சென்றது. பின்னர் ஒருநாள் காலை அவன் நம் வாசலில் வந்து நின்றான். “மாமா, நேற்று ராத்திரி மூன்று நியான் காணவில்லை. தொட்டி மூடித்தான் இருந்தது” என்றான். காணாமற் போனவை ஆஸ்கரின் வயிற்றில் இருந்தன. அடுத்த சில வாரங்களில் எஞ்சிய நியான்களும் அவ்வழியே சென்றன. நான்காம் மாதம் ஆஸ்கர் ஒரு சாணை எட்டியது. ஏஞ்சல்களின் துடுப்புகள் கந்தலாயின.

ஆஸ்கர் மீனைக் கொடியது என்று வைவதில் பொருளில்லை. அமேசான் ஆற்று மீனாகிய அது முழு வளர்ச்சியில் முப்பது சென்டிமீட்டருக்கும் மேல் நீளும்; தன் வாய்க்குள் அடங்குவதை உணவென்றே கொள்ளும். பிழை, அதனோடு சேர்க்கப்பட்ட கூட்டத்தில் இருந்தது. மீன் வாங்கும்போது அதன் இன்றைய அளவைப் பார்த்தல் கூடாது. அது வளர்ந்து எட்டப்போகும் அளவைக் கேட்டறிதல் வேண்டும். கடையில் காணும் சிச்லிட் குஞ்சுகள் யாவும் ஏறக்குறைய ஒரே அளவினவாதலின் இவ்வேமாற்றம் எளிதில் நேர்கிறது.

சிச்லிட் என்பது ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். இதற்கு ஈடான தமிழ்ச் சொல்லை நாம் பல நாள் தேடிக் கைவிட்டோம். இக்குடும்பத்தில் ஆயிரத்து எழுநூறுக்கு அருகிலான இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. ஆப்பிரிக்கப் பேரேரிகளிலும், தென், நடு அமெரிக்க ஆறுகளிலும் அவை மிகுதி, மடகாஸ்கரிலும் உண்டு. இந்தியாவிற்கு உரியவை மூன்றே மூன்று. அவற்றுள் ஒன்று நம் வாசகர் அனைவரும் அறிந்த கரிமீன். 1790-இல் ஜெர்மானிய மருத்துவர் பிளாக் அதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். தென்னாட்டுக் காயல்களிலும் இலங்கையிலும் வாழும் இம்மீன், அப்பெயரில் சூரத்து நகரைச் சுமந்து நிற்பது வேடிக்கை. கேரள அரசு 2010-இல் இதனை மாநில மீனாக அறிவித்தது. இரண்டாவது, மலையாளத்தில் பள்ளத்தி எனப்படும் சிறு மீன். மூன்றாவது, கன்னட நாட்டு ஆறுகளுக்குரியது. நெய்யாறு கடலில் கலக்கும் பூவாற்றுக் கழிமுகத்திற்குச் சென்றால், சட்டியில் ஏறும் கரிமீனைப் பற்றி எல்லோரும் பேசுவர். பள்ளத்தியைப் பொருட்படுத்துவார் சிலரே.

கூட்டுத் தொட்டிக்கு ஏற்றது அந்தப் பள்ளத்தியே என்பது நம் துணிபு. எட்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும் உடல். மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த நிறம். விலாவில் ஒரு கரும்புள்ளி. நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும். இதனைத் தனியாகவோ இரண்டாகவோ வைத்தால் அஞ்சி ஒடுங்கும், அல்லது ஒன்று மற்றொன்றை வருத்தும். ஆறு முதல் எட்டு வரை ஒரு மூன்றடித் தொட்டியில் விட்டால், சினம் பலரிடையே பங்கிடப்பட்டுத் தேய்ந்துவிடும். மிக மென்மையான நீரில் இதற்குப் பூஞ்சை நோய் வருவதுண்டு. லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கல்லுப்பு சேர்த்தால் அது பெரும்பாலும் தணியும். அயோடின் சேர்த்த உப்பு வேண்டா.

இவ்விரு மீன்களின் உறவைப் பற்றி ஒரு செய்தி கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. வார்டு, வைமன் என்னும் ஆய்வாளர் இருவர் இலங்கை நீர்நிலைகளில் இவற்றை நோக்கி 1970-களில் எழுதினர். பள்ளத்தி, கரிமீனின் உடலையும் துடுப்புகளையும் கொத்தித் தூய்மை செய்கிறது. கரிமீனும் அதற்கு இசைந்து நிற்கிறது. அதே பள்ளத்தி, சமயம் வாய்த்தால் அதே கரிமீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றும்விடுகிறது! ஆதலின் இவ்விரண்டையும் ஒரு தொட்டியில் வைப்பவர், கரிமீன் குஞ்சு பொரிக்கும் என்று எதிர்பார்த்தல் வீண். மேலும் கரிமீன் ஒரு முழ நீளம் வரை வளரக்கூடியது. வீட்டுத் தொட்டி அதற்குச் சிறை.

பிற நாட்டு மீன்களுள் அமைதியானவை எவை? சாவித்துளை போன்ற கரும்புள்ளியுடைய கீஹோல் சிச்லிட் மிகச் சாது. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஓரினோகோ வடிநிலத்து ராம் மீன் விரல் நீளமே; அழகில் யாருக்கும் இளைத்ததன்று; ஆனால் வெதுவெதுப்பான, தூய நீர் இல்லையேல் விரைவில் மடியும். நைஜீரியாவின் கிரிபென்சிஸ் எளிதில் பழகும். முட்டையிட்ட காலத்தில் மட்டும் தன் மூலையைக் கடுமையாகக் காக்கும். ஏஞ்சல் மீனையும் இவற்றோடு சேர்க்கலாம். ஆயின் நியான் டெட்ரா போன்ற சிறு மீன்கள் வளர்ந்த ஏஞ்சலுக்கு இரையே. டெட்ரா வேண்டுமெனில் உடல் உயர்ந்த, சற்றே பெரிய இனத்தைத் தேர்க.

விலக்க வேண்டியவை: ஆஸ்கர், குத்துச்சண்டை வீரரின் பெயரையே தாங்கிய ஜாக் டெம்ப்சி, வரிக்குதிரை போல் கோடுகளுடைய கான்விக்ட். 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட பிளவர்ஹார்ன் மீனை வாஸ்துவின் பேரால் நம்மவர் பலர் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். அதனைத் தனித் தொட்டியில் வைப்பதே முறை.

ஆப்பிரிக்க மலாவி ஏரி மீன்கள் வேறு வகை. நீலமும் மஞ்சளுமாக அவை கடல் மீன்களைப் போல் ஒளிர்வதால் வாங்குவோர் மயங்குகின்றனர். அவ்வேரியின் நீர் கடினமானது, காரத்தன்மை உடையது. அமேசான் மீன்களுக்கோ மென்மையான, சற்றே புளிப்பேறிய நீர் உகந்தது. இவ்விரு கூட்டத்தையும் ஒரே தொட்டியில் சேர்த்தால் ஒரு கூட்டத்தார் எப்போதும் நோயாளிகளாகவே இருப்பர். குணமும் ஒவ்வாது, மலாவிப் பாறை மீன்களின் துரத்தலை ஏஞ்சலால் தாங்க இயலாது.

ஆகவே மீனைத் தேர்வதற்கு முன் நம் வீட்டு நீரைத் தேர்தல் நலம். பாறசாலைப் பகுதி போன்ற செம்புறைமண் நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் மென்மையானது. இங்கே அமெரிக்க மீன்கள் தழைக்கும். டில்லியிலும் குஜராத்திலும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் நம் அன்பர்களுக்கு நிலைமை நேர்மாறு. சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறதா, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அத்தகையோர் ராம் மீனோடு மல்லாடுவதை விடுத்து, மலாவி மீன்களுள் சாதுவான எலெக்ட்ரிக் மஞ்சள் மீனைத் தனிக் கூட்டமாக வளர்க்கலாம். வடநாட்டுக் குளிர்காலத்தில் நீர் வெப்பமூட்டி இன்றியமையாதது என்பதை மறத்தல் ஆகாது. நாம் டில்லியில் பணியாற்றிய காலத்தில், மின்சாரம் தடைப்பட்ட ஒரு சனவரி இரவில் நான்கு ராம் மீன்களை இழந்தோம்.

தொட்டியின் அளவிலும் கருத்து வேண்டும். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 255 லிட்டர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 255 கிலோ. கண்ணாடியும் கல்லும் வேறு. மாடி வீட்டில் குடியிருப்போர் இதனைச் சுவரை ஒட்டி, உறுதியான தாங்கியின் மேல் வைக்க. புதுத் தொட்டியில் உடனே மீன் விடுதலும் தவறு. மீன்கழிவிலிருந்து எழும் அம்மோனியாவைத் தீங்கற்றதாக மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். வாங்கிய மறுநாளே மீன் செத்தது என்று வருந்துவோருள் பலர் இதனை அறியாதவரே.

சிச்லிட்டுகளின் பூசல் பெரும்பாலும் இடத்தைப் பற்றியது. கண்ணுக்குக் கண் மறைவு இருந்தால் பூசல் குறையும். இதற்கு நம் ஊரில் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. தேங்காய்ச் சிரட்டையை நன்கு வேகவைத்து, சாயம் இறங்கியபின், வாயில் போல் ஒரு துளை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் கிரிபென்சிஸுக்கு அதுவே மாளிகை. அச்சமுள்ள மீன்களை முதலிலும் துணிந்தவற்றைக் கடைசியிலும் விடுக. பின்னர்ப் புதிய மீனைச் சேர்க்க நேர்ந்தால், கற்களையும் சிரட்டைகளையும் இடம் மாற்றி, விளக்கை அணைத்துவிட்டுச் சேர்க்க. பழைய மீன்களும் தம் எல்லையை இழந்து புதிதாகத் தேடுவதால், வந்ததை விரட்ட அவற்றிற்குப் பொழுதிராது.

இனி அந்த ஆஸ்கரின் கதை. சிறுவனின் தந்தையார் இரக்கமுள்ளவர். “ஒரு வாளியில் எடுத்துச் சென்று அமரவிளையில் ஆற்றில் விட்டுவிடுகிறேன். சீவன் பிழைத்துப் போகட்டும், சார்” என்று நம்மிடம் கூறினார். நாம் பதறிப்போய்த் தடுத்தோம். ஆப்பிரிக்காவின் திலாப்பியா 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. உணவுக்கென வந்த அச்சிச்லிட், ஜிலேபிக் கெண்டை என்னும் பெயரோடு இன்று தென்னாட்டுக் குளங்களில் நிறைந்து, உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொண்டிருக்கிறது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்திற்குப் பின் கேரள ஆறுகளில் அராபைமா போன்ற அமேசான் மீன்கள் வலையில் அகப்பட்டன. அவை வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவை. நெய்யாற்றில் ஓர் ஆஸ்கர் பிழைக்குமாயின், அதற்கு இரையாவன பள்ளத்தியும் கரிமீன் குஞ்சுகளுமே. பிழைக்காதாயின் அவர் கருதிய புண்ணியமும் இல்லை.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “அப்படியானால் இதை என்ன செய்வது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கடைக்காரர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். இரண்டு வாரம் விசாரித்தபின், நெய்யாற்றின்கரையில் ஐந்தடித் தொட்டியில் ஒற்றை ஆஸ்கர் வளர்க்க விரும்பிய ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். சிறுவன் பேருந்தில் மடிமேல் வாளியை வைத்துக்கொண்டு அதனை அவரிடம் சேர்ப்பித்தான். துடுப்பிழந்த ஏஞ்சல்களுள் நான்கு தேறின. அவற்றை நம் தொட்டியில் ஏற்றுக்கொண்டோம்.

அவன் தொட்டியில் இப்போது எட்டுப் பள்ளத்திகள் உள்ளன. பூவாற்றில் வலை வீசும் உறவினர் ஒருவர் அவற்றைக் கொணர்ந்தார். கழிமுக நீரிலிருந்து வந்தவையாதலால், பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் கிணற்று நீரைக் கலந்து பழக்கினோம். சென்ற மாதம் ஒரு சோடி சிரட்டையின் உட்புறத்தில் முட்டையிட்டது. தாயும் தந்தையும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக் காத்தன. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பெற்றோரின் உடலை ஒட்டி நின்று, அதன் மேல் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்றன. இம்மீனிடம் இவ்வழக்கம் உண்டு என்று நாம் நூலில் படித்திருந்தோம். கண்ணால் கண்டது அன்றுதான். சிறுவன் எண்ணிப் பார்த்து நாற்பத்திரண்டு என்றான். அவன் தந்தையார் நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை என்றார்.