கழிவறை ஓடுகளில் துருக்கறை: பிளீச்சிங் பவுடர் ஏன் உதவாது?

பள்ளிக் கழிவறையில் குழாய்க்குக் கீழே, செம்பழுப்பு நிறத்தில் கோடாக இறங்கியிருக்கும் கறையைப் பார்க்காத ஆசிரியர் நம்மில் இருக்க முடியாது. தினமும் கழுவினாலும் அது போவதில்லை. பிள்ளைகளின் கண்ணுக்கு அது அழுக்குதான். "அங்க போகவே பிடிக்கல டீச்சர்" என்று சொல்லி, மாலை வீடு போகும்வரை தண்ணீர் குடிக்காமலே இருந்த மாணவிகள் என் வகுப்பில் உண்டு. அதனால்தான் இந்தக் கறையைப் பற்றி எழுதத் தோன்றியது.

ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு கரைந்திருக்கும். குழாயிலிருந்து வரும்போது தண்ணீர் தெளிவாகவே தெரியும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் அந்த இரும்பு, கரையாத துருவாக மாறி ஓட்டில் படிகிறது. ஒரு லிட்டர் நீரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே கறை பிடிக்கத் தொடங்கிவிடும். வகுப்பறையில் பீரோ, இரும்பு பெஞ்சு ஆகியவற்றின் கால் பட்ட இடத்தில் விழும் வட்டக் கறையும் இதே துருதான்.

கறை என்றதும் நம் கை பிளீச்சிங் பவுடரைத் தேடும். அது கிருமிக்கு நல்லது, துருவுக்குப் பயன்படாது. பிளீச்சிங் பவுடர் ஓர் ஆக்சிஜனேற்றி. துருவோ ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு. ஈரத்தில் கரைந்து நிற்கும் மிச்ச இரும்பையும் பவுடர் விரைவாகத் துருவாக்கிவிடும். கறை இன்னும் அழுத்தமாகும்.

அதோடு நின்றால் பரவாயில்லை. பவுடரில் போகவில்லையே என்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றுவது பல இடங்களில் நடக்கிறது. கழிவறை ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே போரில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட அதே வாயு. சின்ன ஜன்னல் மட்டுமே உள்ள அறையில் குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும் தூய்மைப் பணியாளர் அக்காவின் நுரையீரலுக்குத்தான் அது முதலில் போகும். இதை அவரிடம் உட்கார்ந்து பேசி விளக்க வேண்டியது, வேதியியல் படித்த நம் வேலை என்றே நினைக்கிறேன்.

துருவைக் கரைக்க மென்மையான அமிலமே போதும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், இரும்பைப் பற்றிக்கொண்டு நீரில் கரையும் பொருளாக மாற்றிவிடும். முதலில் அந்த இடத்தை வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். பவுடர் மிச்சம் இருக்கக் கூடாது. ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, பழைய துணியை நனைத்துக் கறைமேல் போடுங்கள். காயாமலிருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். ஊறவைப்பதில்தான் காரியம் இருக்கிறது; பலர் ஊற்றியவுடன் தேய்த்துவிட்டு "போகலையே" என்பார்கள். பிறகு பிளாஸ்டிக் பிரஷால் தேய்த்துக் கழுவலாம். கையுறை அவசியம். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். கம்பி நார் வேண்டாம்: அது ஓட்டைக் கீறும், அதன் துணுக்குகள் ஒட்டி நின்று புதிதாகத் துருப்பிடிக்கும்.

பளபளப்பான செராமிக் ஓடுகளுக்கு இது பொருந்தும். பழைய கட்டடங்களின் மொசைக் தரையில் இதைச் செய்யாதீர்கள். அதிலுள்ள சலவைக்கல் துண்டுகள் கால்சியம் கார்பனேட். எந்த அமிலமும் அதை அரித்துவிடும். ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமென்டுப் பூச்சும் அப்படித்தான். ஆகவே கரைசலை அங்கே தேங்கவிடாமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

இதை வகுப்பிலும் காட்டலாம். உடைந்த ஓட்டுத் துண்டுகள் மூன்றில் ஈரமான ஆணிகளைச் சில நாள் வைத்தால் கறை தயார். ஒன்றில் சோப்பு நீர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் புளிக்கரைசல். எது எவ்வளவு நேரத்தில் வெளுக்கிறது என்று மாணவர்களே குறித்துக்கொள்ளட்டும். பிளீச்சிங் பவுடரை மட்டும் இந்த மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். பக்கத்திலேயே அமிலம் இருக்கிறது.

கறை போனபின் சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள், பீரோ கால்களுக்கு ரப்பர் குமிழ் போடுங்கள். கிணற்று நீரில் இரும்பு இருக்கும்வரை கறை திரும்ப வரும். மாதம் ஒருமுறை, பவுடர் போடாத ஒரு நாளில், எலுமிச்சை உப்புத் துணியைப் போட்டுவைத்தால் அது ஓட்டில் இறுகாது.