லாபக் கணக்கு மட்டும் போதுமா? புகைக் கணக்கும் வேண்டும்!

காரைக்கால் சின்ன ஊர். மூன்று பக்கம் தமிழ்நாடு, கிழக்கே கடல். 1954-ம் ஆண்டு வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. காவிரியின் கிளையான அரசலாறு இங்கேதான் கடலில் கலக்கிறது.

ஊர் சிறிது, தொழில் பெரிது! 2009-ல் திறந்த துறைமுகத்தில் நிலக்கரி வந்து இறங்குகிறது. ரசாயன ஆலை இருக்கிறது. வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. நிலக்கரித் தூசி பற்றிப் பக்கத்து நாகூர் மக்கள் பல முறை முறையிட்டிருக்கிறார்கள்.

தூசி எவ்வளவு? கழிவு நீர் எங்கே போகிறது? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? தொழில் நடத்தும் கம்பெனிதான்!

அமானிதம்

காரைக்காலில் முஸ்லிம் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் நன்கு அறிந்த சொல் 'அமானிதம்'. நம்பி ஒப்படைத்த பொருள் என்று அர்த்தம். மண்ணும் நீரும் இறைவன் மனிதனிடம் ஒப்படைத்த அமானிதம் என்பது இஸ்லாமியக் கொள்கை. ஓடும் ஆற்றில் ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பது நபிகள் நாயகத்தின் போதனை.

ஒப்படைத்த பொருளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா?

விட்டுப்போன கேள்வி

2010-ம் ஆண்டு டிசம்பரில் பம்பாய் பங்குச் சந்தை 'ஷரியா 50' என்ற பட்டியலைத் தொடங்கியது. இஸ்லாமிய நெறிக்கு ஒத்த 50 கம்பெனிகள் அதில் இடம் பெற்றன. மது, சூது, வட்டித் தொழில் செய்யும் கம்பெனிகளுக்கு இடமில்லை. வட்டிக் கடன் அளவுக்கு மீறினாலும் இடமில்லை.

நல்ல சோதனைதான். ஆனால் ஆற்றில் என்ன கலக்கிறது என்று அந்தச் சோதனை கேட்பதில்லை!

அந்தக் கேள்வி வேறு வழியில் வந்தது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் 'செபி' 2021-ல் ஒரு விதி செய்தது. 2022-23 முதல், சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் கணக்குத் தர வேண்டும். எடுத்த தண்ணீர், எரித்த எரிபொருள், விட்ட புகை, கொட்டிய கழிவு எல்லாம் அதில் வர வேண்டும். ஷரியா பட்டியலில் உள்ள பெரிய கம்பெனிகளுக்கும் இந்த விதி உண்டு.

இந்தோனேசியா காட்டிய வழி

2018-ல் இந்தோனேசிய அரசு 'பசுமை சுகூக்' என்ற பத்திரத்தை வெளியிட்டது. வட்டி இல்லாத முறை. திரட்டிய தொகை 125 கோடி டாலர். சுற்றுச்சூழலுக்கு உதவும் வேலைகளுக்கே அந்தப் பணம். எந்த வேலைக்கு எவ்வளவு, புகை எவ்வளவு குறைந்தது என்று அரசு அறிக்கை வெளியிடுகிறது.

நெறியும் கணக்கும் ஒன்று சேர்ந்தால் இப்படித்தான் இருக்கும்!

ஜகாத் கொடுப்பவர் ஆண்டுக்கு ஒரு முறை சொத்தைக் கணக்குப் பார்க்கிறார். பங்கு வாங்கும் குடும்பமும் கம்பெனியின் தண்ணீர்க் கணக்கைப் பார்க்கலாம். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால், படித்த பிள்ளைகளை வாசித்துச் சொல்லச் சொல்லலாம்.

லாபம் பங்குதாரருக்கு வரும். ஆறு கெட்டால், நஷ்டம் ஊருக்கே வரும்!