விருந்தினர் மேசையில் நம் மலைத் தானியம்

ஓர் ஊர் தன்னைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை அறிய விரும்புவோர், அவ்வூர் விடுதியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை உணவு மேசையைக் காண வேண்டும். விருந்தினர் முன் எதைப் படைக்கிறோம், எதைப் படைக்கக் கூசுகிறோம் என்பதில் நம் உள்ளம் வெளிப்பட்டுவிடுகிறது. ஜப்பானிய நகர விடுதியொன்றில் தங்கியபோது இவ்வுண்மையை நாம் நன்கு உணர்ந்தோம்.

அங்கே அறை சிறியது. கட்டிலும் மேசையும் போக எஞ்சிய இடத்தில் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைப்பதே அரிது. ஆயினும் தூய்மைக்கும் ஒழுங்குக்கும் குறைவில்லை. அறை வாடகையோடு காலை உணவுக்கும் ஒரு சீட்டுத் தருகிறார்கள். அதைக் காட்டி உள்ளே சென்றால், வேண்டியதை வேண்டிய அளவு தாமே எடுத்துண்ணும் ‘பஃபே’ முறை.

இம்முறையை ஜப்பானியர் ‘வைக்கிங்’ என அழைப்பது வியப்பாயிருக்கலாம். டோக்கியோ நகரின் இம்பீரியல் ஓட்டலின் தலைவர் இனுமாரு டெட்சுசோ, டென்மார்க் சென்றிருந்தபோது, பல பண்டங்களைப் பரப்பிவைத்து அவரவர் எடுத்துண்ணும் வழக்கத்தைக் கண்டார். அதனைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்து, 1958-ஆம் ஆண்டில் ஓர் உணவுக்கூடத்தைத் திறந்தார். வடபுலக் கடலோடிகளான வைக்கிங்குகளைப் பற்றிய திரைப்படம் பேசப்பட்ட காலம் அது. அப்பெயரே கூடத்துக்குச் சூட்டப்பட்டது. பின்னர் நாடெங்கும் அம்முறைக்கே பெயராய் நிலைத்தது.

முறை அயல்நாட்டிலிருந்து வந்தது. மேசையை நிறைத்ததோ சொந்த மண்ணின் உணவு. ரொட்டியும் முட்டையும் ஒருபுறம் இருக்க, மறுபுறம் ஆவி பறக்கும் சோறு, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்த மிசோச் சாறு, சுட்ட மீன், கடற்பாசித் தாள், உப்பிலிட்ட உமேபோஷிக் கனி ஆகியவை இருந்தன. நாட்டோ என்னும் புளித்த சோயாப் பயறு நூல்நூலாய் இழுபடும். அதன் வாடை புதியவரைப் பின்வாங்கச் செய்யும். அயலார் முகம் சுளிப்பார்களே என்று அதை யாரும் ஒளித்துவைக்கவில்லை. உழவுத்தொழிலாளி உண்ட பழைய சோற்றை விருந்தினர் கண்ணில் படாமல் மூடிவைத்துப் பழகிய நமக்கு இது ஒரு பாடமன்றோ?

ஊருக்கு ஊர் மேசையும் மாறுகிறது. நகோயாவில் ரொட்டியின்மேல் இனிப்பான சிவப்புப் பயற்று விழுது தடவித் தருகிறார்கள். தெற்கே ஒக்கினாவாவில் பாகற்காயை முட்டையோடு வதக்கிப் படைக்கிறார்கள். உண்ணத் தொடங்குமுன் ‘இததாகிமாஸ்’ என்கிறார்கள். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். உணவுக்கு முன் செபிக்கும் நம் குடும்பங்களுக்கு அச்சொல்லின் உட்கருத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பாகற்காயே நம் எண்ணத்தைக் கல்வராயன் மலைக்குத் திருப்பியது. 2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் அம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிட்டு வந்துள்ளனர். மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, அணையில் தேங்கி, சமவெளியின் வயல்களை நனைக்கிறது. மலை தரும் நீரை ஏற்றுக்கொள்ளும் நாம், மலை தரும் தானியத்துக்கு நம் இலையில் எவ்வளவு இடம் தருகிறோம்? திருமண விருந்தில் வெண்சோறும் பிரியாணியும் உண்டு. சாமைச்சோறு கண்டவர் மிகச் சிலரே.

இது சுவை பற்றிய கேள்வி மட்டுமன்று. கொல்லிமலையில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். சவ்வரிசி ஆலைகளுக்கு விற்கும் மரவள்ளி பரவியதால் அங்கே சிறுதானிய நிலம் பெரிதும் குறைந்தது. உரலில் குத்தி உமி நீக்கும் கடும் உழைப்பும் பெண்கள் தலைமேல் விழுந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறிய உமிநீக்கும் எந்திரங்களை அமைத்து அச்சுமையைக் குறைக்க முனைந்தது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஆனால் ஆண்டு அறிவிப்பால் மட்டும் பயிர் நிலைக்காது. வாங்குவோர் இருந்தால்தான் விதைப்போர் இருப்பர். கேட்பாரற்ற தானியத்தின் விதையை எந்த உழவர் எத்தனை காலம் காத்துவைக்க முடியும்?

குடும்பத் தலைவியர் இதனை எளிதில் தொடங்கலாம். ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு நீர் போதும். அரிசியைவிட விரைவில் வேகும். பொங்கலாகவோ, எலுமிச்சைச் சோறாகவோ ஆக்கலாம். பங்குத் திருவிழாவுக்கு உறவினர் வரும் நாளில், பிற பண்டங்களோடு அதையும் வைத்து, “இது நம் மலையில் விளைந்தது” என்று சொல்லிப் பரிமாறுங்கள். பிள்ளைகள் அச்சொல்லைக் கேட்கட்டும். பெற்றோர் கூசாமல் படைப்பதைப் பிள்ளைகள் இகழ மாட்டார்கள். அடுத்த முறை மலைக்குச் செல்லும்போது வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இரண்டு படி சாமை கேட்டு வாங்கி வாருங்கள்.