கூப்பனை நீட்டினால் கடுகடுக்கும் கேஷியர்: வாய்ச்சண்டை வேண்டாம், உரிமையை கேட்டு வாங்குவது எப்படி?

திருச்சி:

பண்டிகை நெருங்கிவிட்டால் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டிலும் பெரியகடை வீதியிலும் கால் வைக்க இடம் இருக்காது. முசிறி, துறையூர், லால்குடி, மணப்பாறை பக்கம் இருந்து குடும்பத்தோடு பஸ் ஏறி வந்து துணிமணி, பாத்திரம், மளிகை என்று வாங்கிச் செல்வார்கள். போகும்போது கடைக்காரர்கள் கையில் கூப்பனையும் கொடுத்து அனுப்புகிறார்கள். ‘அடுத்த முறை ரூ.200 தள்ளுபடி’, ‘2 வாங்கினால் 1 இலவசம்’ என்று விதம் விதமான கூப்பன்கள்.

கொடுக்கும்போது சிரித்த முகம்தான். அதையே திருப்பி நீட்டும்போதுதான் வருகிறது வம்பு.

“இதெல்லாம் செல்லாதும்மா, தள்ளுங்க... பின்னாடி எத்தனை பேரு நிக்கிறாங்க பாருங்க” என்று கேஷியர் எரிந்து விழுவார். வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் திரும்பி பார்ப்பார்கள். 200 ரூபாய்க்கு போய் ஏன் வாய் கொடுக்கணும் என்று கூப்பனை சுருட்டி பைக்குள் போட்டுக்கொண்டு, முழு பணத்தையும் கட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறாது. பணம் போனதை விட, நாலு பேர் முன்னால் பட்ட அவமானம்தான் பெரிதாக தெரியும்.

கூப்பன் தர்மம் அல்ல

கூப்பன் என்பது கடைக்காரர் போடும் தர்மம் அல்ல. அதை நம்பித்தான் வாடிக்கையாளர் மறுபடியும் அந்த கடைக்கு வருகிறார். பரிசு, இலவசம் என்று அறிவித்துவிட்டு, சொன்னபடி கொடுக்கும் எண்ணமே இல்லாமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது, 2020 ஜூலை 20-ந்தேதி அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்பு சட்டம். பில் தர மறுப்பதும் இதே பட்டியலில்தான் வருகிறது.

சில கூப்பன்களில் சலுகை தமிழில் கொட்டை எழுத்தில் இருக்கும். நிபந்தனை மட்டும் பின்பக்கம் ஆங்கிலத்தில் எறும்பு மாதிரி இருக்கும். 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த விளம்பர வழிகாட்டு விதிகளின்படி, சலுகை எந்த மொழியில் சொல்லப்படுகிறதோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும். முன்னால் சொன்னதை பின்னால் மாற்றி சொல்வதும் கூடாது.

அதே நேரத்தில், தேதி முடிந்த கூப்பனை வைத்துக்கொண்டு சண்டை போட்டால் பலன் இல்லை. ‘குறைந்தது ரூ.1,000-க்கு வாங்க வேண்டும்’ என்று தெளிவாக போட்டிருந்தால், ரூ.900-க்கு வாங்கிவிட்டு கேட்கவும் முடியாது.

கேஷியர் நிலைமை என்ன?

கூப்பன் நம்பரை கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்றால் கேஷியர் தானாக தள்ளுபடி போட முடியாது. பல கடைகளில் அதற்கு மேலாளர் வந்துதான் அனுமதி கொடுக்க வேண்டும். ராத்திரி கணக்கில் பணம் குறைந்தால் நம்ம சம்பளத்தில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்ட திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்கள் இவர்கள். கடுகடுப்பு நியாயம் இல்லை. ஆனால் முடிவு எடுக்கும் அதிகாரம் இல்லாதவரிடம் மோதி என்ன பயன்?

செய்ய வேண்டியது என்ன?

* பொருள் எடுக்கும் முன்பே, “இந்த கூப்பன் இன்னிக்கு செல்லுமா?” என்று கேட்டுவிடுங்கள். பில் போட்ட பிறகு கேட்டால்தான் தகராறு.

* கூப்பனின் 2 பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் தள்ளுபடி ஏறிய பிறகே கூப்பனை கையை விட்டு கொடுங்கள்.

* கேஷியர் கத்தினால் நீங்களும் கத்த வேண்டாம். “மேலாளரை கூப்பிடுங்க, நான் ஓரமா நிக்கிறேன்” என்று சொன்னால் போதும். வரிசையும் நகரும், உங்கள் மரியாதையும் போகாது.

* மேலாளரும் மறுத்தால், “ஏன் செல்லாதுன்னு பில்லுக்கு பின்னாடி எழுதி கொடுங்க” என்று கேளுங்கள். எழுதி தராவிட்டால் கூப்பன் படத்தையும் பில்லையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே குறித்து வையுங்கள்.

* தள்ளுபடி கொடுத்தாலும் பில்லை ஒருமுறை பாருங்கள். எம்.ஆர்.பி. என்றால் எல்லா வரியும் சேர்ந்த விலை. அதில் தள்ளுபடி போட்டுவிட்டு மேலே தனியாக வரி வாங்குவது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-ல் உத்தரவிட்டுள்ளது.

புகார் எங்கே?

தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைத்து தமிழிலேயே புகார் சொல்லலாம். அவர்கள் கடை நிர்வாகத்திடம் பேசி முடிக்க பார்ப்பார்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்கு போடலாம். வாங்கிய பொருளின் மதிப்பு ரூ.5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புதுக்கோட்டைக்காரர் திருச்சியில் வாங்கியிருந்தாலும் தன் சொந்த மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.

சிடுசிடுப்புக்காக மட்டும் வழக்கு போட முடியாது. அதற்கு கடை முதலாளியிடம் எழுத்து மூலமாக புகார் கொடுப்பதுதான் வழி. ஆனால் செல்ல வேண்டிய கூப்பனை மறுத்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

200 ரூபாய்தானே என்று நீங்கள் விட்டுவிட்டு வந்தால், உங்களுக்கு பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் அதே பதில்தான் கிடைக்கும்.